சட்டம் படிக்காத நீதிபதிகள்

பண்டைய ரோமில் ஒருவர் தான் கொடுத்த கடனைத் திரும்பப் பெற வழக்குத் தொடுத்தால், அதில் தீர்ப்புச் சொன்னவர் அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரி அல்லர். சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஓரளவு சொத்துள்ள, ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு குடிமகனை அந்த ஒரு வழக்குக்காக மட்டும் அழைத்து உட்கார வைத்தார்கள். அவர் இரு தரப்பையும் கேட்டார், தீர்ப்புச் சொன்னார், பிறகு தன் நிலத்தையோ வியாபாரத்தையோ பார்க்கப் போய்விட்டார். அவருக்கு லத்தீனில் யூடெக்ஸ் என்று பெயர். இந்தச் சொல்லை ஆங்கிலேயர் ஒரு காலத்தில் அப்படியே எடுத்து ஜூடெக்ஸ் என்று எழுதினார்கள். ஆனால் பிரெஞ்சு வழியாக வந்த ஜட்ஜ் வழக்கில் நிலைத்துவிட, ஜூடெக்ஸ் வழக்கொழிந்த சொற்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

போனது சொல் மட்டுமன்று. அந்தச் சொல் குறித்த மனிதரும் நீதிமன்றங்களிலிருந்து காணாமல் போனார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தனியார் வழக்குகளைத் தீர்த்துவைத்த ஓர் ஏற்பாடு அது. இன்று நாம் நீதித்துறை என்று அழைக்கும் அமைப்பு இல்லாமலேயே, உலகின் பெரும்பகுதி இன்றும் பின்பற்றும் உரிமையியல் சட்டத்தின் அடிப்படைகள் அந்த ஏற்பாட்டில்தான் உருவாயின. அது எப்படி நடந்தது, எங்கே உடைந்தது என்பவை இரண்டும் அறிய வேண்டியவை.

ரோமானிய உரிமையியல் வழக்குக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் வாதியும் பிரதிவாதியும் பிரேட்டர் என்ற ஆட்சியாளர் முன் போக வேண்டும். கி.மு. 367இல் உருவான இந்தப் பதவிக்கு ஆண்டுதோறும் தேர்தல் நடந்தது. கி.மு. 242இல் வெளிநாட்டார் தொடர்பான வழக்குகளுக்கென்று இன்னொரு பிரேட்டரும் வந்தார். பிரேட்டர் வழக்கின் உண்மைக்குள் புகுவதில்லை. பிரச்சினை என்ன, சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் பார்ப்பார். இடம் உண்டென்றால் வழக்கைச் சில வரிகளில் எழுதி யூடெக்ஸிடம் அனுப்புவார். சாட்சிகளைக் கேட்பதும், ஆவணங்களைப் பார்ப்பதும், யார் சொல்வது மெய் என்று முடிவெடுப்பதும் இரண்டாம் கட்டத்தில் யூடெக்ஸின் வேலை.

பிரேட்டர் எழுதிய அந்த வரிகளுக்கு ஃபார்முலா என்று பெயர். அதன் அமைப்பை நாம் இன்று துல்லியமாக அறிவதற்குக் காரணம் 1816இல் நடந்த ஒரு கண்டுபிடிப்பு. இத்தாலியின் வெரோனா நகரத் திருச்சபை நூலகத்தில் புனித ஜெரோமின் கடிதங்கள் எழுதப்பட்ட தோல் ஏடு ஒன்றை ஜெர்மானிய வரலாற்றாசிரியர் நீபூர் புரட்டிக்கொண்டிருந்தார். கடிதங்களுக்கு அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட பழைய எழுத்துகள் தெரிந்தன. அவை கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சட்ட ஆசிரியர் காயுஸின் பாடநூல். அதன் நான்காம் பகுதி முழுவதும் வழக்கு நடைமுறைதான்.

காயுஸ் காட்டும் ஃபார்முலா எளிமையானது. முதலில் இன்னார் யூடெக்ஸாக இருக்கட்டும் என்று நியமனம். அடுத்து நிபந்தனை: பிரதிவாதி வாதிக்குப் பத்தாயிரம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று தெரிந்தால், யூடெக்ஸே, அவரைக் கொடுக்கச் சொல், தெரியாவிட்டால் விடுவி. அவ்வளவுதான். சட்டம் தெரியாத குடிமகன் தடுமாற இடமே இல்லை. சட்டக் கேள்வியைப் பிரேட்டர் முன்பே முடித்துவிட்டார். எஞ்சியது உண்மைக் கேள்வி ஒன்றே. சட்ட மாணவர்களுக்கான மாதிரி ஃபார்முலாக்களில் வாதிக்கு எப்போதும் ஔலுஸ் அகேரியுஸ் என்றும் பிரதிவாதிக்கு நுமேரியுஸ் நெகிதியுஸ் என்றும் பெயர். வழக்காடுபவர், கொடுக்க மறுப்பவர் என்ற பொருள்கள் அந்தப் பெயர்களுக்குள் இருக்கின்றன.

இவை பாடநூல் மாதிரிகள் மட்டுமல்ல என்பதற்கும் சான்று கிடைத்தது. 1959இல் பொம்பேய்க்கு அருகே முரேசினே என்ற இடத்தில் நெடுஞ்சாலை அமைக்கத் தோண்டியபோது, மெழுகு பூசிய மரப்பலகைகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அவை பூட்டெயோலி துறைமுகத்தில் வட்டித்தொழில் செய்த சுல்பிக்கியர் குடும்பத்தின் கணக்குகளும் பத்திரங்களும். கி.பி. 52ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பலகையில் சுல்பிக்கியுஸ் கின்னமுஸ் என்பவர் மார்க்கியுஸ் சத்துர்னினுஸ் என்பவர்மீது தொடுத்த வழக்கின் ஃபார்முலா இருக்கிறது. காயுஸ் நூறாண்டுக்குப் பிறகு எழுதிய அதே அமைப்பு. யூடெக்ஸாக நியமிக்கப்பட்டவர் பிளோசியுஸ் கெலாதுஸ். அவரைப் போன்ற யூடெக்ஸ்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். ஒரு பெயர் நம் கைக்கு வந்திருக்கிறது.

ஃபார்முலாவுக்கு முந்தைய முறை இவ்வளவு நெகிழ்வானதன்று. அப்போது சட்டத்தின் சொற்களை ஓர் எழுத்துப் பிசகாமல் வாய்விட்டுச் சொல்லியே வழக்குத் தொடுக்க வேண்டும். ஒருவர் தன் திராட்சைக் கொடிகளை வெட்டிவிட்டார்கள் என்று வழக்காடித் தோற்ற கதையைக் காயுஸ் சொல்கிறார். அவருக்கு உதவக்கூடிய பன்னிரண்டு பலகைச் சட்டம் ‘மரங்கள்’ என்று பேசுகிறது. இவர் ‘கொடிகள்’ என்று சொல்லிவிட்டார், வழக்குப் போய்விட்டது. இந்தக் கெடுபிடி மக்களுக்கு வெறுப்பாகிவிட்டது என்று காயுஸே எழுதுகிறார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் எபூத்தியச் சட்டமும், கி.மு. 17இல் அகஸ்டஸ் கொண்டுவந்த யூலியச் சட்டங்களும் பழைய முறையை ஏறக்குறைய ஒழித்து ஃபார்முலாவை நிலைநிறுத்தின.

யூடெக்ஸை யார் தேர்ந்தெடுத்தார்கள்? முதல் உரிமை வழக்காடிகளுக்கு. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அவர்கள் விரும்பியவரையே பிரேட்டர் நியமித்தார். ஒத்துப்போகவில்லை என்றால் தகுதியுடையோர் பட்டியலிலிருந்து ஒருவர். சிற்றூர்களில் இது எப்படி நடந்தது என்பதை 1981இல் ஸ்பெயினின் செவில் மாகாணத்தில் கிடைத்த வெண்கலப் பலகைகள் காட்டுகின்றன. இர்னி என்ற சிற்றூருக்குப் பேரரசர் டொமிஷியன் காலத்தில் வழங்கப்பட்ட நகராட்சிச் சட்டம் அது. பத்துப் பலகைகளில் ஆறு மிஞ்சின. யூடெக்ஸ்களின் பெயர்களை ஆட்சியாளரின் இருக்கைக்கு அருகே, தரையில் நின்று படிக்க வசதியாகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வாதியும் பிரதிவாதியும் மாறி மாறிப் பெயர்களை நீக்கிக்கொண்டே வர, கடைசியில் எஞ்சுபவர் யூடெக்ஸ். ஆயிரம் செஸ்டர்ஸுக்குள் அடங்கும் வழக்குகளைப் பார்க்கும் ஒரு சிற்றூரில், இரு தரப்பும் ஆட்சேபிக்காத ஒருவர் கையில்தான் தீர்ப்பு இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். ரோமானியச் சட்டத்தின் பெருமையைப் பேசுவோர் பெரிய நூல்களைக் காட்டுவார்கள். இந்தச் சிற்றூர்ப் பலகை அவற்றுக்குக் குறைந்ததன்று.

பட்டியலில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சொத்து இல்லாதவர்க்கு அதில் இடமில்லை. பெண்களும் அடிமைகளும் யூடெக்ஸாக முடியாது. மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பவுலுஸ் இந்த விலக்குகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார். காது கேளாதவர், பேச இயலாதவர், தீராத மனநோயாளர், சிறுவர் ஆகியோரை இயற்கை விலக்குகிறது. செனட்டிலிருந்து நீக்கப்பட்டவரைச் சட்டம் விலக்குகிறது. பெண்களையும் அடிமைகளையும் வழக்கம் விலக்குகிறது. அவர்களுக்குத் தீர்ப்பளிக்கும் அறிவு இல்லை என்பதனால் அன்று, பொதுப்பணிகளை அவர்கள் ஏற்பதில்லை என்ற பழக்கத்தால்தான் என்று அவரே விளக்கமும் தருகிறார். அறிவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே கதவை அடைத்த அநீதி அது. யூடெக்ஸ் முறையைப் பாராட்டும்போது இந்தக் கதவை மறந்துவிடக் கூடாது.

சட்டம் படிக்காதவரிடம் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்தவர்கள் அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. கி.மு. 451–450இல் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தின்படி, தீர்ப்புக்காகப் பணம் வாங்கிய யூடெக்ஸுக்கு மரண தண்டனை. நண்பகலுக்குள் ஒரு தரப்பு வராவிட்டால் வந்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. சூரியன் மறைந்தால் அன்றைய நடவடிக்கை முடிந்தது. ஃபார்முலாவில் குறித்த தொகைக்கு ஒரு காசு கூட்டியோ குறைத்தோ தீர்ப்புச் சொன்ன யூடெக்ஸ், வழக்கைத் தன் வழக்காக்கிக்கொண்டவர் ஆவார். நட்டத்துக்குத் தாமே பொறுப்பு. இர்னிச் சட்டம் இன்னும் ஒரு படி போய், குறித்த காலத்துக்குள் தீர்ப்புச் சொல்லாதவரையும் இந்தப் பொறுப்பில் சேர்த்தது. இழுத்தடிக்கும் நீதிபதியே இழப்பீடு தர வேண்டும் என்ற விதி, பல ஆண்டுகளாக வாய்தாவுக்கு நடப்பவர்களுக்குக் கனவாகத் தோன்றும்.

வாதிக்கும் கடிவாளம் இருந்தது. தனக்கு வர வேண்டியதைவிடக் கூடுதலாகக் கேட்டு வழக்குப் போட்டால், கூடுதலை மட்டுமன்றி முழு வழக்கையும் இழந்தார்.

இருந்தாலும் கடமையை மதிக்காதவர்கள் இருந்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் காயுஸ் தித்தியுஸ் என்ற பேச்சாளர் மேடையில் அவர்களை வறுத்தெடுத்த பகுதி ஒன்றை மக்ரோபியுஸ் என்ற பிற்கால எழுத்தாளர் பாதுகாத்திருக்கிறார். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு சூதாடுகிறார்கள். வழக்குத் தங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும் கடைசி நேரத்தில் மன்றத்துக்கு ஓடுகிறார்கள். போகும் வழியில் சந்துகளில் வைத்திருக்கும் சாடிகளில் ஒன்றையும் விடாமல் சிறுநீர் நிரப்புகிறார்கள். ஆவணங்களை வாசிக்கும்போது குடிமயக்கத்தில் கண்ணிமையைத் தூக்க முடியவில்லை. அரசியல் மேடைப் பேச்சு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள்.

நல்ல யூடெக்ஸ்கள் செய்தது அதைவிட நிலைத்தது. ரோமானிய எழுத்தாளர் சிசரோ ‘கடமைகள்’ நூலில் ஒரு வழக்கைக் குறிப்பிடுகிறார். ரோமின் கேலியுஸ் குன்றில் கிளாவ்தியுஸ் கெந்துமாலுஸ் என்பவருக்கு உயரமான வீடு ஒன்று இருந்தது. பறவை நிமித்தம் பார்க்கும் குருமார்கள் கோட்டைமேல் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். அந்த வீடு பார்வையை மறைத்தது. மறைக்கும் பகுதியை இடிக்கும்படி அவருக்கு உத்தரவு வந்தது. அவர் இடிக்கவில்லை, உத்தரவைச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் கல்பூர்னியுஸ் லனாரியுஸ். அதே உத்தரவு அவருக்கும் வந்தது, இடித்தார். உத்தரவுக்குப் பிறகுதான் வீடு விலைக்கு வந்தது என்று தெரிந்ததும் வழக்குத் தொடுத்தார். பிரேட்டர் எழுதிய ஃபார்முலா, நல்லெண்ணத்தின்படி விற்றவர் என்ன கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுக்கட்டும் என்ற வகையைச் சேர்ந்தது. யூடெக்ஸாக இருந்தவர் மார்க்குஸ் கேட்டோ. சீசரை எதிர்த்து நின்ற புகழ்பெற்ற கேட்டோவின் தந்தை.

குறையை அறிந்தும் சொல்லாமல் விற்றவர், வாங்கியவரின் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பேசாமல் இருந்ததும் ஏமாற்றுதான் என்று ஒரு குடிமகன் முடிவெடுத்தார். விற்பனைச் சட்டத்தில் மறைந்த குறைகளை வெளிப்படுத்தும் கடமை என்று இன்று பல நாடுகள் எழுதிவைத்திருக்கும் கொள்கைக்கு இது ஒரு தொடக்கப் படி. நல்லெண்ணம் என்ற சொல்லுக்குள் என்ன அடங்கும் என்று எந்தப் பலகையும் சொல்லியிருக்கவில்லை. தன் நேர்மையான வாழ்க்கை அனுபவத்தைக் கொண்டு அதை நிரப்பும் வேலை யூடெக்ஸுக்கு விடப்பட்டிருந்தது.

அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை உள்ளிருந்தே எழுதியவர் ஒருவர் உண்டு: ஔலுஸ் கெல்லியுஸ். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ‘அத்திக்க இரவுகள்’ என்ற பல்சுவைத் தொகுப்பை எழுதியவர். அதன் பதினான்காம் நூலில், இளம் வயதில் பிரேட்டர்கள் தன்னை முதன்முதலாகத் தனியார் வழக்குகளுக்கான யூடெக்ஸாகத் தேர்ந்தெடுத்த அனுபவத்தை விவரிக்கிறார். கவிதையிலும் பேச்சுக்கலையிலும் மூழ்கியிருந்தவர் அவர். நியமனம் வந்ததும் யூடெக்ஸின் கடமை பற்றி லத்தீனிலும் கிரேக்கத்திலும் கிடைத்த நூல்களை எல்லாம் தேடிப் படித்தார். வாய்தா கொடுப்பது எப்படி என்பது போன்ற நடைமுறைகளுக்கு யூலியச் சட்டத்திலும் சட்ட அறிஞர் சபினுஸின் உரைகளிலும் விடை கிடைத்தது. ஆனால் அவர் முன் வந்த வழக்குக்கு எந்த நூலிலும் விடை இல்லை.

வழக்கு, கொடுத்த பணத்தைக் கேட்டு. வாதி நேர்மைக்குப் பெயர் பெற்றவர்; வாழ்நாளில் ஒரு களங்கமும் இல்லாதவர். பிரதிவாதி பல முறை பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர். மோசடியில் ஊறியவர் என்று ஊருக்கே தெரிந்தவர். வாதி பணம் கொடுத்தது உண்மை என்றே கேட்பவர் மனத்துக்குப் படும். ஆனால் புரோநோட்டு இல்லை, கணக்குப் பதிவு இல்லை, முத்திரையிட்ட பத்திரம் இல்லை, ஒரு சாட்சிகூட இல்லை. பிரதிவாதியின் வழக்கறிஞர்கள் கூட்டமாக எழுந்து நின்று கத்தினார்கள்: வழக்கத்திலுள்ள எந்த ஆதாரமும் இல்லாதபோது இவரை விடுவிப்பதைத் தவிர வேறு வழியில்லை, பொய் வழக்குப் போட்டதற்கு வாதிதான் தண்டிக்கப்பட வேண்டும். ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பது பண வழக்கில் எதற்கு?

யூடெக்ஸோடு ஆலோசனைக்கு நண்பர்களை உட்காரவைக்கும் வழக்கம் இருந்தது. கெல்லியுஸோடு உட்கார்ந்தவர்கள் நீதிமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். வேறு வழக்குகளுக்கும் அவசரமாகப் போக வேண்டியவர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, விடுவித்துவிடு என்றார்கள். கெல்லியுஸுக்கு மனம் வரவில்லை. வழக்கை ஒத்திவைத்துவிட்டு, தான் பெரிதும் மதித்த தத்துவவாதி ஃபவோரினுஸிடம் நேராகப் போனார்.

ஃபவோரினுஸ் விரிவாகப் பேசினார். யூடெக்ஸ் வழக்குக்கு வெளியே தனக்குத் தெரிந்ததைப் பயன்படுத்தலாமா, விசாரணையின் நடுவே சமரசத்துக்கு முயலலாமா, ஒரு தரப்பு கேட்கத் தவறிய கேள்வியைத் தானே கேட்கலாமா என்று இன்றும் நீதிபதிகளை உறுத்தும் கேள்விகளை எல்லாம் எழுப்பினார். கடைசியில் கெல்லியுஸின் வழக்குக்கு வந்து, கேட்டோவின் பழைய வாதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். இவர் மேலே சொன்ன யூடெக்ஸ் கேட்டோ அல்லர். அவருக்கும் முந்திய தலைமுறைகளைச் சேர்ந்த மூத்த கேட்டோ. சாட்சி இல்லாத வழக்கில் இருவரும் சமமாக நல்லவர்களோ சமமாகக் கெட்டவர்களோ என்றால் பிரதிவாதியை நம்ப வேண்டும். ஒருவர் மற்றவரைவிடச் சிறந்தவர் என்றால் சிறந்தவரை நம்ப வேண்டும். இதுவே முன்னோர் வழக்கம் என்பது அந்த வாதம். ஆகவே வாதியை நம்பு என்றார் ஃபவோரினுஸ்.

ஒரு பக்கம் அனுபவசாலிகள் விடுவி என்கிறார்கள். மறுபக்கம் தத்துவவாதி தண்டி என்கிறார். கெல்லியுஸ் இரண்டையும் செய்யவில்லை. ஆதாரம் இல்லாமல், நடத்தையை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கும் தகுதி தன் வயதுக்கு இல்லை என்று நினைத்தார். பிறர் ஒழுக்கத்தை எடைபோடும் தணிக்கையாளன் வேலையாக அது அவருக்குப் பட்டது. விடுவிக்கவும் மனம் இடம் தரவில்லை. எனவே, தனக்கு இந்த வழக்குத் தெளியவில்லை என்று சத்தியம் செய்து, யூடெக்ஸ் பொறுப்பிலிருந்து விலகினார்.

ரோமானியச் சட்டம் இதற்கு இடம் கொடுத்திருந்தது. ‘நோன் லிக்வெத்’, தெளியவில்லை, என்று சத்தியம் செய்த யூடெக்ஸைக் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கு வேறொருவரிடம் போகும். கெல்லியுஸ் செய்தது தப்பித்தல் என்று வாதிடலாம். மெய்ப்பிக்கும் சுமை வாதியுடையது என்ற விதி அன்றும் இருந்தது. அதை அப்படியே பின்பற்றியிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். வாதியோ இன்னொரு யூடெக்ஸ் முன் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவர் ஆனார். அந்த அலைச்சல் சிறியதன்று. ஆனாலும் கெல்லியுஸின் பக்கம்தான் நியாயம் கனமாக இருக்கிறது. விடுவித்திருந்தால், பொய்யர் என்று தான் நம்பிய ஒருவருக்கு அரசின் பெயரால் நற்சான்று கொடுத்திருப்பார். தண்டித்திருந்தால் ஊர்ப்பேச்சைச் சாட்சியாக ஏற்றிருப்பார். பின்னது ஒரு முறை நடந்தால், பெயர் கெட்ட எவர்மீதும் யாரும் வழக்குப் போட்டு வெல்லலாம். தன் மனம் சொல்வதும் ஆதாரம் சொல்வதும் வெவ்வேறு என்று கண்ட ஒருவர், அதை மறைக்காமல் சத்தியமாகச் சொன்னார்.

இந்த உரிமைக்கும் வரம்பு வைக்க வேண்டி வந்தது என்பதைக் குற்றவியல் மன்றங்களில் பார்க்கிறோம். கி.மு. 149இல் கல்பூர்னியச் சட்டம், மாகாண ஆளுநர்களின் கொள்ளையை விசாரிக்க நிலையான மன்றம் ஒன்றை அமைத்தது. அதில் ஒருவர் அல்ல, பல யூடெக்ஸ்கள் கூடி உட்கார்ந்து வாக்களித்தார்கள். இன்றைய ஜூரிகளைப் போல. மெழுகுப் பலகையில் விடுதலைக்கு ஓர் எழுத்து, தண்டனைக்கு ஓர் எழுத்து. வேண்டாததை அழித்துவிட்டுப் பெட்டியில் போட வேண்டும். அரசியல் தலைவர் காயுஸ் கிராக்குஸ் காலத்துச் சட்டம் ஒன்று வெண்கலத் துண்டுகளாகக் கிடைத்திருக்கிறது. ஒரே வழக்கில் இரண்டு முறைக்கு மேல் முடிவு சொல்ல மறுக்கும் யூடெக்ஸுக்கு ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் செஸ்டர்ஸ் அபராதம் என்கிறது அது. தெளியவில்லை என்பது நேர்மையாளருக்குப் புகலிடம். அதிகாரம் உள்ளவரைக் காப்பாற்ற நினைப்பவருக்கு வசதி. ஆளுநர் வழக்கில் ரோமானியர் இரண்டாவதற்கே அதிகம் பயந்தார்கள். பயம் நியாயமானதுதான்.

ஏனென்றால் இந்த மன்றங்களை அரசியல் விழுங்கிக்கொண்டிருந்தது. செனட்டர்களிடமிருந்த யூடெக்ஸ் உரிமையைக் கிராக்குஸ் குதிரைவீரர் எனப்பட்ட செல்வந்தர் வகுப்புக்குக் கொடுத்தார், சர்வாதிகாரி சுல்லா அதைப் பறித்து மீண்டும் செனட்டுக்குக் கொடுத்தார், கி.மு. 70இல் அவ்ரேலியச் சட்டம் மூன்று வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. இடையில் நடந்த மிகப்பெரிய அநீதி ரூத்திலியுஸ் ரூஃபுஸ் வழக்கு. ஆசிய மாகாணத்தில் வரிக் குத்தகைதாரர்களின் கொள்ளையைத் தடுத்தவர் அவர். குத்தகைதாரர்கள் குதிரைவீரர் வகுப்பினர். மன்றத்தில் உட்கார்ந்தவர்களும் அதே வகுப்பினர். கி.மு. 92 அளவில், மாகாண மக்களைக் கொள்ளையடித்தார் என்று அவர்மீதே குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். அவர் நாடு கடந்து போய்க் குடியேறிய இடம், தான் கொள்ளையடித்ததாகச் சொல்லப்பட்ட அதே மாகாணத்தின் ஸ்மிர்னா நகரம். அந்த மக்கள் அவரை மதிப்போடு வரவேற்றார்கள்.

கி.மு. 61இல் குளோதியுஸ் என்ற அரசியல்வாதியின் வழக்கு. பெண்களுக்கு மட்டுமே உரிய சமயச் சடங்கில் பெண் வேடமிட்டு சீசரின் வீட்டுக்குள் நுழைந்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை என்று அவர் சொன்னதை சிசரோவின் சாட்சியம் உடைத்தது. மிரட்டலுக்கு அஞ்சுவதாகச் சொல்லி யூடெக்ஸ்கள் பாதுகாப்புக் கேட்டார்கள், செனட் கொடுத்தது. பிறகு 31 பேர் விடுதலைக்கும் 25 பேர் தண்டனைக்கும் வாக்களித்தார்கள். நடந்தது லஞ்சம் என்று சிசரோ தன் நண்பர் அத்திக்குஸுக்கு எழுதினார். வாக்களித்த ஒருவரைக் கண்ட கத்துலுஸ் என்பவர், காவலர்களைக் கேட்டது வாங்கிய பணம் களவு போய்விடும் என்ற பயத்தாலா என்று முகத்துக்கு நேரே கேட்டதையும் அந்தக் கடிதம் சொல்கிறது.

தனியார் வழக்கின் யூடெக்ஸ் இதைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்தார். அவரை அழித்தது லஞ்சம் அன்று, அதிகாரத்தின் குவிப்பு. பேரரசர்கள் நியமித்த அதிகாரிகள் வழக்கைத் தொடக்கம் முதல் தீர்ப்பு வரை தாங்களே விசாரிக்கும் முறை மெல்லப் பரவியது. அதில் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. ஆனால் வழக்காடிகள் சேர்ந்து தேர்ந்தெடுத்த மனிதருக்கு இடமில்லை. கி.பி. 342இல் பேரரசர்கள் ஃபார்முலாக்களைச் சட்டப்படி ஒழித்தார்கள். அதன் பிறகு யூடெக்ஸ் என்றால் மாகாண ஆளுநர். அழைக்கப்பட்ட குடிமகனின் பெயரை ஆட்சியாளர் எடுத்துக்கொண்டார். இந்தப் போக்கின் எல்லையை சார்தீனியத் தீவில் பார்க்கலாம். இடைக்காலத்தில் அங்கே நான்கு அரசுகள் இருந்தன. அவற்றின் மன்னர்களுக்குப் பட்டமே ‘நீதிபதி’. அவர்களுள் அர்போரெயாவின் எலெயனோரா என்ற பெண் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட சட்டத் தொகுப்பு 1827 வரை தீவில் நடைமுறையில் இருந்தது. ரோம் யூடெக்ஸ் பட்டியலில் பெண்ணுக்கு இடம் தரவில்லை. அதே சொல்லிலிருந்து வந்த பட்டத்தைத் தாங்கிய ஒரு பெண், தலைமுறைகள் பின்பற்றிய சட்டத்தைக் கொடுத்தார்.

ஆங்கிலத்தில் வழக்கொழிந்த இந்தச் சொல் இந்திய நீதிமன்றங்களில் ஒரு வாக்கியத்துக்குள் இன்றும் ஒலிக்கிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் இருக்கக் கூடாது என்பதை வழக்கறிஞர்கள் இன்றும் லத்தீனிலேயே, ‘நெமோ ஜூடெக்ஸ்’ என்று தொடங்கிச் சொல்கிறார்கள். கி.பி. 376ஆம் ஆண்டின் பேரரசர் ஆணை ஒன்றும் இந்த விதியைக் கூறுகிறது. 1969இல் உச்ச நீதிமன்றம் கிராய்பாக் வழக்கில், இந்திய வனப்பணிக்கான தேர்வுக்குழுவில் தானும் ஒரு விண்ணப்பதாரராக இருந்த அதிகாரி உட்கார்ந்ததைக் காட்டித் தேர்வையே ரத்து செய்தது. அவர் தன் பெயர் வந்தபோது எழுந்துபோனார். ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். அதுவும் தவறு என்றது நீதிமன்றம்.

கெல்லியுஸின் உரிமை மட்டும் நவீனச் சட்டத்துக்குள் வரவில்லை. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, தன் நான்காம் பிரிவிலேயே, சட்டம் பேசவில்லை, தெளிவாக இல்லை, போதவில்லை என்று சாக்குச் சொல்லித் தீர்ப்புத் தர மறுக்கும் நீதிபதிமீது வழக்குத் தொடரலாம் என்கிறது. சாதாரண வழக்குகளுக்கு இது சரியான விதி. விடை தேடி வரும் குடிமகனை வெறுங்கையோடு அனுப்பும் நீதிமன்றம் தன் வேலையைச் செய்யவில்லை.

ஆனால் மிகப்பெரிய கேள்வி வந்தபோது உலகின் உயர்ந்த மன்றமே தெளியவில்லை என்ற இடத்துக்குத்தான் வந்து நின்றது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஐ.நா. பொதுச்சபை பன்னாட்டு நீதிமன்றத்தைக் கேட்டது. 1996 ஜூலை 8 அன்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாக மனிதநேயச் சட்டத்துக்கு முரணானது. ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் இருக்கும் கடைசி நிலைத் தற்காப்பில் அது சரியா தவறா என்று உறுதியாக முடிவு செய்ய இயலவில்லை. வாக்குகள் ஏழுக்கு ஏழு. தலைவர் முகமது பெஜாவியின் தீர்மான வாக்கால் இந்த முடிவு நின்றது. இலங்கையின் நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி நீண்ட மறுப்புரை எழுதினார். ரோம-டச்சுச் சட்டம் இன்றும் வாழும் நாட்டிலிருந்து வந்தவர். அந்த நாட்டின் ஒப்பந்தச் சட்டம் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். எந்தச் சூழலிலும், எந்த விதிவிலக்கும் இன்றி, அணு ஆயுதம் சட்டவிரோதம் என்றார் அவர். வேறொரு கோணத்திலிருந்து மறுத்த பிரிட்டனின் ரோசலின் ஹிக்கின்ஸ், ‘நோன் லிக்வெத்’ இந்த நீதிமன்றத்தின் மரபில் இல்லை என்று எழுதினார்.

கெல்லியுஸ் விலகிய வழக்கை எடுத்துக்கொள்ள இன்னொரு யூடெக்ஸ் இருந்தார். பன்னாட்டு நீதிமன்றத்துக்கு அப்பால் போக வேறு மன்றம் இல்லை. அணு ஆயுதக் குறைப்புப் பேச்சுக்கான கடமையை மீறியதாக இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகள்மீது மார்ஷல் தீவுகள் தொடுத்த வழக்குகளையும், தனக்கு அதிகாரவரம்பு இல்லை என்று கூறி 2016 அக்டோபரில் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1996இல் விடுபட்ட கேள்விக்கு அது இன்றுவரை விடை சொல்லவில்லை.